இலை கொட்டுவதற்குள்: ஸ்காபரோ உயர்பள்ளியில் முதல் இலையுதிர்காலம்

செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். மறுநாள் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கும். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிற தாய் தகப்பனுக்கு, உள்ளே என்ன நடக்கிறதென்பது நவம்பரில் றிப்போட் வரும்வரை தெரியாது. என் மூத்தவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருசம் நானும் அப்படித்தான் இருந்தேன். அவன் மூன்று மணிக்கு வீடு வந்தான், சாப்பிட்டான், கதவைச் சாத்தினான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் எங்களுக்கு மணி அடித்தால் பள்ளிக்கூடம் முடிந்தது, பிறகு ரியூசன். இங்கே பள்ளிக்கூடத்தின் பாதி மணி அடித்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பாதிக்குள் நுழையும் கதவுகள் செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் அகலத் திறந்திருக்கும். நவம்பருக்குள் அணிகள் நிறைந்துவிடும், கூட்டாளிகள் சேர்ந்துவிடுவார்கள், இருட்டும் குளிரும் வந்துவிடும். ஆகவே இந்த வருசம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கோ பக்கத்து நகரமான மார்க்கத்துக்கோ வந்து இறங்கிய குடும்பங்களுக்காக, எந்தக் கிழமையில் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்ததில் பட்டதும் கேட்டதும்தான் இதில் இருக்கிறது.

முதற்கிழமை: கைடன்ஸ் அறைக்குப் போங்கள்

வகுப்பாசிரியரைத் தேட வேண்டாம். பாடத் தெரிவு, பட்டம் பெறத் தேவையானவை, பிள்ளையின் மனக்கவலை எல்லாவற்றுக்கும் கைடன்ஸ் ஆலோசகர்தான் முதல் ஆள். நேரம் குறித்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லலாம். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாதி விளங்கித் தலையாட்டிவிட்டு வருவதுதான் பிறகு வில்லங்கமாகும்.

பல பள்ளிக்கூடங்களில் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்றே குடியேற்றப் பணியாளர் ஒருவர் இருப்பார். ‘ஸ்விஸ் வேர்க்கர்’ என்று கேட்டால் ஒபிசில் காட்டுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அல்ல, வெளி அமைப்பொன்றிலிருந்து வருபவர். சுகாதார அட்டை, பஸ் அட்டை, அம்மாவின் ஆங்கில வகுப்பு வரைக்கும் வழி சொல்லுவார். ஓகஸ்ட் கடைசியில் புதிய மாணவருக்கான அறிமுகக் கிழமை நடத்துகிற பள்ளிகளும் உண்டு. அதில் மூத்த மாணவர்களே வழிகாட்டிகள். நீங்கள் அதைத் தவறவிட்டிருந்தாலும், அந்த மூத்த மாணவர்களில் ஒருவரைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்திவிடச் சொல்லிக் கேளுங்கள்.

பத்தாம், பதினோராம் வகுப்பில் வந்து சேருகிற பிள்ளையென்றால் இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேளுங்கள்: “என் பிள்ளைக்கு எத்தனை தொண்டு மணித்தியாலம்?” ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பட்டத்துக்கு 30 கிரெடிட்டோடு (பாடங்களில் தேறினால் சேருகிற கணக்கு) 40 மணித்தியாலச் சமூகத் தொண்டும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து இடையில் வருகிறவர்களுக்கு அது எத்தனை என்பதைத் தீர்மானிப்பவர் அதிபர். முழு நாற்பது என்று பிள்ளைகள் தாங்களாகவே எண்ணிக்கொண்டு திரிவதைக் கண்டிருக்கிறேன். எண்ணிக்கையை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இரண்டாம், மூன்றாம் கிழமை: கிளப் நாள்

மதிய இடைவேளையில் நடைபாதையிலோ ஜிம்மிலோ மேசைகள் போடுவார்கள். றோபோ செய்கிற கூட்டம், விவாதக் கூட்டம், சதுரங்கம், சுற்றுச்சூழல், தமிழ் மாணவர் சங்கம், முஸ்லிம் மாணவர் சங்கம், கறுப்பின மாணவர் சங்கம், பிலிப்பினோ நடனம், பைகள் நிறையக் கம்பளி நூல் வைத்துக்கொண்டு பின்னல் பழக்குகிற இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் இருக்கும். பெயரும் மின்னஞ்சலும் எழுதிவிட்டு வரவேண்டியதுதான்.

இங்கே ஒரு விசயத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஸ்காபரோப் பள்ளிக்கூடமொன்றின் சாப்பாட்டறைக்குள் போனால் தமிழ், உருது, வங்காளம், தகாலொக், கன்ரனீஸ், டாரி, ஜமைக்கா ஆங்கிலம் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். கவனித்துப் பார்த்தால் மேசைகள் மொழிவாரியாகப் பிரிந்திருக்கும். அதிலே பிழை ஒன்றுமில்லை. வந்த புதிதில் சொந்த மொழியில் சிரிக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் நாலு வருசமும் அந்த மேசையிலேயே போனால், பன்முகப் பள்ளிக்கூடத்தில் படித்தும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரித்தான். மேசைகள் கலப்பது வகுப்பில் குறைவு, கிளப்பிலும் விளையாட்டிலும்தான். சேர்ந்து ஒரு பொருளைச் செய்யும்போது ஆங்கிலம் குறைந்தாலும் கதை ஓடும்.

அதனால் என் கணக்கு இரண்டு கிளப். ஒன்று பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்தது: சதுரங்கமோ, மிருதங்கமோ, தமிழ்ச் சங்கமோ. மற்றது தமிழ்ப் பிள்ளை ஒருவரும் இல்லாத இடம். என் மகள் இரண்டாவதாகத் தெரிவுசெய்தது மேடை ஒளியமைப்பு. நாடகத்தில் வாய் திறக்கத் தேவையில்லை, இருட்டில் நின்று விளக்கைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்பதுதான் அவள் நினைப்பு. மூன்றாம் கிழமை, விளக்கு ஏன் பிந்தியது என்று மேடைப் பொறுப்பாளரோடு அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துவிட்டு வந்தாள். எந்த ஆங்கில வகுப்பும் அதைச் செய்திராது.

மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலு கிளப்பில் பெயர் எழுதின பிள்ளை ஒக்டோபரில் ஒன்றிலும் இருக்காது.

விளையாட்டு அணிகளுக்கான தெரிவும் இதே கிழமைகளில்தான் நடக்கும். இலையுதிர் காலத்துக்குரியவை குறுக்கு நாட்டோட்டம், கால்பந்து, கரப்பந்து போன்றவை. எங்கள் பையன்கள் தேடுகிற கிரிக்கெட், அது உள்ள பள்ளிகளிலும், பெரும்பாலும் வசந்தகாலத்தில்தான் வரும். புதிதாக வந்த பிள்ளைக்கு நான் சொல்லுவது குறுக்கு நாட்டோட்டம். பெரும்பாலும் வந்தவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார்கள், ஒரு சோடிச் சப்பாத்து போதும். படிவம் ஒன்று வீட்டுக்கு வரும். அதோடு தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்ற விளக்கத்தையும் வாசித்து ஒப்பமிடச் சொல்லுவார்கள். ரக்பி விளையாட்டில் அடிபட்டு 2013 இல் இறந்துபோன 17 வயது ரோவன் ஸ்ரிங்கர் என்ற மாணவியின் பெயரால் 2018 இல் வந்த சட்டம் அது. வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். அடிபட்டதைப் பிள்ளை மறைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. வழமையான பகல்நேரப் படிப்புக்குக் கட்டணம் கேட்கக்கூடாது என்பது ஒன்ராறியோ விதி. செப்டெம்பரில் கேட்கிற மாணவர் செயற்பாட்டுக் கட்டணம் விருப்பத்தின்பேரில் கொடுப்பது. சுற்றுலாவுக்கோ அணிச் சீருடைக்கோ கையில் இல்லையென்றால் ஆலோசகரிடம் தனியாகச் சொல்லுங்கள். காசில்லை என்று பிள்ளை தானாகவே விலகிக்கொள்வதை விட அது எவ்வளவோ மேல்.

நாற்பது மணித்தியாலம்

இதைத்தான் எல்லாரும் பிழையாகச் செய்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம், பன்னிரண்டு முடியுமட்டும் காலம் இருக்கிறது. காலம் இருக்கிறது என்ற அந்த எண்ணம்தான் சனி. என் மூத்தவன் கடைசி வருசம் வரை இழுத்தான். பத்தாம் வகுப்பில் ஓரிடத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் செய்திருந்தான், ஆனால் படிவத்தில் ஒப்பம் வாங்கவில்லை. இரண்டு வருசம் கழித்துப் போனால் அந்தப் பொறுப்பாளர் வேலை மாறிப் போய்விட்டார், புதியவருக்கு இவனைத் தெரியாது. பன்னிரண்டும் காற்றில் போயிற்று. பல்கலைக்கழக விண்ணப்பம் எழுதவேண்டிய கிழமைகளில் பிள்ளை உணவு வங்கியில் தகரப்பேணி அடுக்கிக்கொண்டு நின்றான்.

செய்யவேண்டியது இதுதான். முதலில் பள்ளிக்கூடத்தின் படிவத்தை எடுங்கள். பிள்ளை செய்ய நினைக்கிற வேலை ஏற்றுக்கொள்ளப்படுமா என்று கைடன்ஸில் கேளுங்கள். அதன்பிறகு வேலை. முடிந்த அன்றைக்கே ஒப்பம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய் அல்லது தகப்பனின் ஒப்பமும் வேண்டும். கொடுக்குமுன் தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எவை சேராது என்பதில் எங்கள் ஆட்களுக்கு நிறையக் குழப்பம். சம்பளம் வாங்கிச் செய்த வேலை சேராது. சம்பளத்துக்கு ஒருவரை வைத்துச் செய்யவேண்டிய வேலையைச் சும்மா செய்தாலும் சேராது. ஆகவே சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் கோடை முழுக்க நின்றது கணக்கில் வராது. வீட்டில் தம்பியைப் பார்த்தது, அம்மாவுக்குச் சமையலில் உதவியது வீட்டு வேலை, அதுவும் இல்லை. நகை, பழம்பொருள், வங்கிக் காசு கையாளுகிற வேலை, மருந்து கொடுக்கிற வேலை, வாகனமோ மின்கருவியோ ஓட்டுகிற வேலை எல்லாம் தடை. வகுப்பு நேரத்தில் செய்ததும் எண்ணப்படாது, மதிய இடைவேளையும் பாடமில்லாத ஸ்பெயார் நேரமும் பரவாயில்லை.

சேருவது எது? ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளில் சிறுபிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கும் தொண்டு இருக்கிறது, பதின்ம வயதினருக்கான ஆலோசனைக் குழுக்களும் இருக்கின்றன. உணவு வங்கி, முதியோர் இல்லம், பூங்காவில் மரம் நடுதல், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுதல். நவராத்திரிக் காலத்தில் கோயிலில் அன்னதானம் பரிமாறுவதும் வாகனம் நிறுத்த வழிகாட்டுவதும் தொண்டுதான். பூசையில் இருந்து கும்பிட்டது அல்ல. சில பிள்ளைகள் ஐந்து மணித்தியாலம் கோயிலில் நின்றதாக எழுதுவார்கள், அதில் நாலு மணித்தியாலம் வடைக்கு வரிசையில் நின்றது. துணை அதிபர்களுக்கும் இது தெரியும்.

எனக்குப் பிடித்த ஒரு வழி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பெற்றார் சந்திப்பு மாலைகள் வரும். வாசலில் நின்று அறைகளுக்குக் கூட்டிக்கொண்டு போகவும், தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவுக்கு எந்தக் கதவு என்று சொல்லவும் ஆள் தேடுவார்கள். வந்து ஆறு கிழமையான பிள்ளைக்கு ஆங்கிலம் குறைவாக இருக்கலாம். அன்று மாலை தமிழ் தெரிந்ததால்தான் அது தேவைப்படுகிற ஆள். அப்படி மூன்று மணித்தியாலம் நின்று வந்த பிள்ளையின் நடை மறுநாள் வேறாக இருக்கும்.

சனிக்கிழமைத் தமிழ் என்றதும் ஞாபகம் வருகிறது: உயர்பள்ளி மாணவருக்குத் தமிழைக் கிரெடிட் பாடமாகவே படிப்பிக்கிற வகுப்புகள் கல்விச்சபைகளில் உண்டு. ஊரில் ஓ/எல் வரை தமிழ் படித்த பிள்ளைக்கு 30 கிரெடிட்டில் ஒன்றைச் சேர்க்க அது நல்ல வழி. பதிவு இலையுதிர் தொடக்கத்திலேயே நடக்கும், ஆலோசகரிடம் கேளுங்கள்.

நாட்காட்டியில் வரும் நாட்கள்

செப்டெம்பர் கடைசிப் பகுதியில் ரெரி பொக்ஸ் நடை வரும். பிள்ளை இரண்டு டொலர் கேட்கும், ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த பையன். செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12 அன்று நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் தொடங்கி, நாட்டைக் குறுக்கறுத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், தண்டர் பே நகருக்கு அருகில் நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்தவேண்டி வந்தது. 1981 ஜூனில் இறந்தார், 22 வயது. அந்த வருசம் செப்டெம்பரிலிருந்து அவர் பெயரில் ஓட்டம் நடக்கிறது. இரண்டு டொலர் இல்லாவிட்டாலும் பிள்ளை நடக்கலாம்.

செப்டெம்பர் 30, செம்மஞ்சள் சட்டை நாள். 1973 இல், ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி பிலிஸ் வெப்ஸ்ராட் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பள்ளிக்கூடமொன்றுக்குப் போனாள். முதல் நாளுக்கென்று அவளுடைய பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவேயில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் புதுச்சட்டை வாங்கின எந்தத் தாய்க்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்று ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும். வீட்டில் இருக்கிற ஒரு செம்மஞ்சள் துணியைப் போட்டு அனுப்புங்கள், புதிதாக வாங்க வேண்டாம். காலை அறிவித்தலில் இந்த நிலம் யாருடையது என்று ஒவ்வொரு நாளும் வாசிப்பார்களே, அதன் பொருளும் அப்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடும்.

ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நாள், விடுமுறை. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் உணவு சேகரிப்பார்கள். பருப்பு, தகர மீன், அரிசி கொடுக்கலாம். திகதி முடிந்ததை அலுமாரியிலிருந்து தட்டி அனுப்பாதீர்கள். இந்தக் கிழமைகளில்தான் ஹைலன்ட் கிறீக் ஆற்றில் சமன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். சுற்றுச்சூழல் கிளப் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மோர்னிங்சைட் பூங்காவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், செலவில்லை.

ஹலோவீனுக்கு உயர்பள்ளியில் வேசம் போடலாம், போடாமலும் விடலாம். முகமூடியும் பொம்மைத் துவக்கும் கொண்டுபோகக் கூடாது. இன்னொருவரின் பண்பாட்டு உடையை வேசமாகப் போடுவதும் கூடாது. ஒருத்தி சேலை கட்டிப் பொட்டு வைத்துப் பகிடிக்கு வந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும், அதே கணக்கு.

நவம்பர் முதல் புதன்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றாரின் வேலையிடத்துக்குப் போகும் நாள். இரவு வேலை செய்கிறவர்களும் பிள்ளையை அனுமதிக்காத ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் சங்கடப்பட வேண்டாம். மாமாவோடோ தெரிந்த ஒருவரோடோ அனுப்பலாம். இரண்டு கிழமைக்கு முன்னரே ஆள் பார்த்து வையுங்கள்.

போரில் இறந்த படையினரை நினைந்து குத்துகிற பொப்பி மலர் ஒக்டோபர் கடைசி வெள்ளியிலிருந்து நவம்பர் 11 வரை. கடைவாசல்களில் பெட்டி இருக்கும், விலை கிடையாது, இயன்றதைப் போட்டு எடுக்கலாம். இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே குத்த வேண்டும். 11 ஆம் திகதி பள்ளிக்கூடத்தில் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். எக்காளம் ஊதுவார்கள், சில இடங்களில் போர்ப் படங்கள் காட்டுவார்கள். வன்னியிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ வந்த பிள்ளைக்கு அது வரலாறு அல்ல. உங்கள் பிள்ளையோ நீங்களோ அப்படியொன்றைக் கடந்து வந்திருந்தால் அதற்கு முந்தின நாளே ஆலோசகருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரு வருசம் என் மகளின் வகுப்பில் ஒரு பையன் மௌனத்துக்கு நடுவில் எழும்பி வெளியே போய்விட்டானாம். ஒழுங்கீனம் என்று முதலில் நினைத்த ஆசிரியை, பிறகு அவனோடு படியில் இருந்தாராம்.

எங்கள் திருநாட்கள்

தீபாவளியும் சரஸ்வதி பூசையும் பள்ளி நாட்களில் வரும். மத காரணத்துக்காகப் பிள்ளையை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. முன்கூட்டியே அறிவித்தால் அன்றைய பரீட்சையை வேறு நாளில் வைப்பார்கள். ‘சுகமில்லை’ என்று பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை. தொழுகைக்கு இடம் கேட்கிற பிள்ளைகளுக்கும் இதே விதிதான். ஒக்டோபர் இஸ்லாமிய மரபுத் திங்கள், நவம்பர் இந்து மரபுத் திங்கள். தமிழ் மரபுத் திங்கள் ஜனவரியில். ஆனால் அதற்கு மண்டபம், மேடை, ஒத்திகை எல்லாம் நவம்பரிலேயே கேட்டாக வேண்டும். ஒவ்வொரு வருசமும் மார்கழி விடுமுறை முடிந்துதான் தமிழ்ச் சங்கம் விழித்துக்கொள்ளும். உங்கள் பிள்ளை அதில் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

நீங்களும் உள்ளே வரலாம்

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பெற்றார் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளிச்சபை உண்டு. பள்ளி தொடங்கி முதல் 30 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். வருசத்தில் குறைந்தது நாலு கூட்டம். தலைவர் ஒரு பெற்றாராகத்தான் இருக்க முடியும். நீங்கள் அங்கத்தவர் இல்லாவிட்டாலும் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது, போய்ப் பின் வரிசையில் இருக்கலாம். நான் முதன்முதல் போன கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த அந்தப் பள்ளிக்கு நான் ஒருத்திதான் தமிழ்ப் பெற்றார். வாயே திறக்கவில்லை. இரண்டாம் கூட்டத்தில், அறிவித்தல்களைத் தமிழிலும் அனுப்பினால் என்ன என்று மட்டும் கேட்டேன். அதிபர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அது தமிழில் வந்தது.

கடைசியாக ஒரு சின்ன விசயம். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கே இருள். ஒத்திகை முடிந்து வருகிற பிள்ளை இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும். வகுப்பு நேரத்தில் கைபேசி வெளியே எடுக்கக்கூடாது என்பதால் எத்தனை மணிக்கு, எந்தத் தரிப்பில் என்று காலையிலேயே பேசி வையுங்கள். பஸ் கட்டணம் செலுத்துகிற பிரஸ்ரோ அட்டையில் 13 முதல் 19 வயது வரைக்கான கட்டணம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பெரியவருக்கான காசு வெட்டும். கறுப்புக் குளிரங்கி வாங்கிக் கொடுத்திருந்தால் பையில் வெளிச்சம் தெறிக்கிற பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள். டொலர் கடையில் கிடைக்கும்.